எனக் கொள்க

மூன்றாம் கணக்கில் எனக்குக் கிடைத்த இயந்திரம்
நூற்றுக்கு நூற்றைந்து புள்ளி ஆறு வேலை செய்தது.
நூறு கட்டுப் புல் தின்றுவிட்டு
நூற்றைந்து கட்டு சாணி போடும் குதிரை.

தாளை ஒயுன்தெல்கெரிடம் நீட்டினேன்.
மேல்கட்டிலில் குப்புறக் கிடந்தபடியே பார்த்தாள்.
"நல்லது, உலான்பாத்தருக்கு இனி நிலக்கரி வேண்டாம்,
புகைபோக்கிகளைப் பழைய இரும்புக்குப் போடலாம்"
என்றவள்
தன் ஏணிக்குத் திரும்பிக்கொண்டாள்.

அவளுடையது நிலையியல்.
ஏணியின் எடை இருபது கிலோ.
தரையின் உராய்வுக் கெழு பூஜ்யம் புள்ளி மூன்று.
சுவர் வழுவழுப்பானது எனக் கொள்க.
எந்த ஊர்ச் சுவரோ அது.
எங்கள் விடுதிச் சுவரில் சாய்ந்தால்
ஸ்வெட்டரில் பாதியை வைத்துக்கொண்டுதான் விடும்.

ஐம்பத்தொன்பது பாகை என்று வந்தது அவளுக்கு.
இருபது கிலோ வழியிலேயே
இருபுறமும் அடிபட்டுக் காணாமல் போயிருந்தது.
"பிறகு எதற்குக் கொடுத்தார்கள்?"
அந்தக் கோபத்தில் இறங்கியவள்
கட்டிலின் ஏணியைப் பாகைமானி வைத்துச் சரிசெய்தாள்.
அது வழுக்கியது.
தரையில் நான் சிந்திய உப்புத் தேநீர்
எந்தக் கெழுவுக்கும் கட்டுப்படவில்லை.
முழங்காலைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள்,
நெடுநேரம்.

இரண்டு மணிக்குப் புரிந்தது.
இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்ட மறந்திருக்கிறேன்.

வெளியே கழித்தல் முப்பத்தொன்று.
கூட்டியதும் இருநூற்று நாற்பத்திரண்டு.
குறி உதிர்ந்துவிட்டது.
காதில் விழும்போது
சூளைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கிறது.
மூடி நகர்த்திய குழிகளுக்குள்
வெந்நீர்க் குழாயைக் கட்டிக்கொண்டு உறங்குகிறவர்களிடம்
இதைச் சொல்லிப் பார்க்கலாமா?
ஆனாலும் அது பொய்யில்லை.
இந்தக் காற்றிலும் இன்னும்
இருநூற்று நாற்பத்திரண்டு படிகள் இறங்க இடமிருக்கிறது.

கொதிகலனில் ஐந்நூற்று ஐம்பது.
திருத்திப் போட்டதும் எழுபது புள்ளி ஆறு சதவீதம்.
குதிரை குதிரையாயிற்று.

பிறகு ஆ பிரிவு:
குளிர்காலத்தில் நீராவி
நூற்றுப் பத்து பாகையிலேயே வெளியேற்றப்பட்டு
நகரக் குழாய்களுக்கு அனுப்பப்படுகிறது.
திறன் என்னவாகும்?
ஐம்பத்து மூன்றரை.
குறைவதேன்? விளக்குக. இரண்டு மதிப்பெண்.

புத்தகம் அதை இழப்பு என்கிறது.
அம்புக்குறி ஒன்று பெட்டியிலிருந்து கீழே இறங்கி
தாளின் வெள்ளையில் முடிந்துவிடுகிறது.
அதற்கப்பால் எதுவும் வரையப்படவில்லை.

நான் அந்த அம்பின் பின்னாலேயே போனேன்.
ஆற்றைத் தாண்டி, உறைந்த மண்ணுக்கு மேல்
தகரம் சுற்றிய குழாயில்,
சந்தையின் முதுகுப்புறமாக,
நான்கு மாடி ஏறி,
ரேடியேட்டரின் ஏழாவது மடிப்பில்
காய்ந்துகொண்டிருக்கும் இரண்டு ஜோடிக் காலுறைகள் வரை.
ஒன்றில் பெருவிரல் ஓட்டை.

ஜன்னல் இடுக்கில் செய்தித்தாள் திணித்திருக்கிறோம்.
வெப்பம் வெளியேறவில்லை எனக் கொள்க என்று
யாரோ எப்போதோ எழுதிய வரி,
தாளை மீறி உள்ளே வந்து
என் கழுத்தைத் தொடுகிறது.

அமைப்பின் எல்லையைப் புள்ளிக்கோட்டால் காட்டவும்.
காட்டினேன்.
கொதிகலன், சுழலி, குழாய், நான்கு மாடிகள்,
காலுறை,
வாய் திறந்து உறங்கும் ஒயுன்தெல்கெர்.
கோடு ஜன்னலுக்கு வந்தபோது
உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்று தெரியவில்லை.
கண்ணாடியின் நடுவில் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தாள் திரும்பி வந்தது.
விடை சரி. அலகு எழுதவில்லை, அரை மதிப்பெண் குறைவு.
விரிவுரையாளர் செவெல்மாவின் சிவப்பு மை
காலுறைக்குப் பக்கத்தில்:
"தேவையற்றது."
அதை அடித்துவிட்டு, கீழே சிறிதாக:
"நிறை எவ்வளவு? ஈரமா?"